பதினோரு பேர், ஒரே காயல், இரண்டு பயணங்கள்

2023 ஏப்ரல் கடைசியில் ஆலப்புழைக்குப் போய் ஒரு ராத்திரி ஹவுஸ்போட்டில் தங்கிவிட்டு வந்தோம். 2025 பொங்கல் விடுமுறையில் அதே பதினோரு பேர் அதே காயலுக்கு மறுபடியும் போனோம். ஊரும் தண்ணீரும் ஆட்களும் மாறவில்லை, திட்டம் மட்டும் மாறியது. முதல் பயணம் ஏன் சலித்தது, இரண்டாவது ஏன் இன்னும் வீட்டில் பேச்சாக இருக்கிறது என்பதை என் இரண்டு நோட்டுகளையும் எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள் நான். எங்கே போனாலும் நேரத்தையும் செலவையும் குறித்துவைப்பது பழக்கம்.

முதல் பயணத்தின்போது அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அப்புறம் சித்தப்பா, சித்தி. அக்கா, மாமா, அவர்கள் பெண்கள் இருவர். நான், என் வீட்டுக்காரர், எங்கள் பையன்கள் இருவர். பிள்ளைகளில் மூத்தவளுக்கு 13, கடைக்குட்டிக்கு 5. நீச்சல் தெரிந்தவர் மாமா ஒருவர்தான், அதுவும் சின்ன வயதில் கிணற்றில் பழகியது. இந்தக் கடைசி விவரத்தைத்தான் நாங்கள் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

முதல் பயணம்: ஏப்ரல் 2023

எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் ஒருவர் மூலம் பதிவு செய்தோம். மூன்று அறை ஏசி படகு, சாப்பாட்டோடு 21,000 ரூபாய். போனில் வந்த படங்களில் மெத்தை, பூ விரிப்பு, இலையில் வைத்த பொரித்த கரிமீன் எல்லாம் இருந்தன. எங்கள் கேள்விகளும் அவற்றைப் பற்றியே இருந்தன. ஏசி உண்டா, எத்தனை வேளைச் சாப்பாடு, அம்மாவுக்குச் சைவம் தனியாகச் செய்வார்களா என்று கேட்டோம். படகு எந்த வழியாகப் போகும், எத்தனை மணி நேரம் ஓடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறும்போதுகூட எந்த வழி என்று கேட்டுத்தான் ஏறுகிறோம்!

அந்த நாளின் குறிப்பு இது. பகல் 12 மணிக்குப் படகுத்துறை. 12.40க்குக் கிளம்பியது. 1.15க்குச் சாப்பாட்டுக்காகக் கரையில் கட்டினார்கள். 2.20க்கு அவிழ்த்தார்கள். 5.20க்கு மறுபடி கட்டினார்கள், அப்புறம் விடியும் வரை அங்கேயேதான். மறுநாள் காலை 8.05க்குக் கிளம்பி 8.55க்குத் துறைக்கு வந்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் 21 மணி நேரத்தில் படகு நகர்ந்தது 4 மணி 25 நிமிடம். மீதி நேரமெல்லாம் தண்ணீரில் மிதக்கிற ஒரு லாட்ஜ் அறையில் இருந்தோம்.

நகர்ந்த நேரத்திலும் கண்ணுக்குக் கிடைத்தது அதிகமில்லை. கோடை விடுமுறை என்பதால் புன்னமடைத் துறையிலிருந்து காயலுக்குள் ஹவுஸ்போட்டுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் போகிற படகின் பின்புறமும் அதன் டீசல் புகையும்தான் பெரும்பாலும் எங்கள் காட்சி. நெல் அறுவடை முடிந்துபோயிருந்தது, கரையோரம் பழுப்பாகத் தாள்கட்டைகள். இரவு ஒன்பது மணிக்குத்தான் ஏசி போடுவார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் கட்டியிருந்த நாலு படகுகளின் ஜெனரேட்டர் சத்தம் விடிய விடியக் கேட்டது.

அம்மா ஏறிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் அடிவயிறு கலங்குகிறது. கரைக்கும் படகுக்கும் நடுவில் ஓர் அடி அகலத்தில் ஒரு பலகை. அது ஆடியது. படகு ஓட்டுகிறவர் கையைப் பிடித்து, "பதுக்கெ, பதுக்கெ அம்மே" என்று மெதுவாகக் கூட்டிப்போனார். அவர் நல்ல மனிதர். ஆனால் ஏறிய பிறகு அம்மா மறுநாள் காலை வரை கீழே இறங்க மறுத்துவிட்டார். சாயங்காலம் எல்லோரும் வயல் வரப்பில் நடக்கப் போனபோது அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்று மணி வாக்கில் பெரிய வாத்துக் கூட்டம் ஒன்று காயலைக் கடந்தது. ஒருவர் சின்னத் தோணியில் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். அதைப் படமெடுக்க அம்மாவைத் தவிர எல்லோரும் மேல்தளத்தின் இடது ஓரத்துக்கு ஓடினோம். படகு அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. கீழிருந்து சத்தம் போட்டார்கள், சிரித்துக்கொண்டே விலகி வந்தோம்.

தானூர்

நாங்கள் திரும்பி வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மே 7, ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்த நேரம். மலப்புறம் மாவட்டம் தானூரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள் பலர். ஏற்ற வேண்டியதற்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா எதுவும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அந்த வாத்துக் கூட்டம்தான் ஞாபகம் வந்தது.

அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்ததில் படகு சாய்ந்தது. 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு, நாங்கள் போன அதே வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் போனார்கள். அரசுத் தேர்வு எழுதப் போன பிள்ளைகள் அதில் நிறைய. இன்னும் பின்னால் போனால், மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்துதான் இறந்தார். அந்தப் படகிலும் அளவுக்கு மேல் கூட்டம். அன்றிலிருந்து தானூர் வரை நூறு ஆண்டு இடைவெளி, காரணம் மட்டும் மாறவே இல்லை.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆலப்புழையைச் சுற்றியிருக்கிற தாழ்நிலமான குட்டநாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் படகில்தான் போய் வருகிறார்கள். அங்கே தண்ணீர்தான் தெரு. ஆனால் தெருவில் நடக்க நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அளவுக்குக்கூடத் தண்ணீரைப் பற்றி நாம் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஏன் அப்படி நடந்தது

முதல் பயணத்துக்கு டிராவல்ஸ்காரரைக் குறை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். படத்தில் காட்டிய படகு வேறு, வந்த படகு வேறு என்பதும் உண்மை. ஆனால் கோளாறின் வேர் அங்கே இல்லை. அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது, அதில் எந்தப் படகு எதற்கு என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

ஹவுஸ்போட் என்பது பழைய கெட்டுவள்ளத்தின் வழி வந்தது. ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய சரக்குப் படகு அது. லாரி வருவதற்கு முன்னால் நெல்லும் கொப்பரையும் அதில்தான் போயின. 1990களில் அதன்மேல் கூரையும் அறைகளும் கட்டிச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். சரக்குப் படகு அகலமானது. அகலமான படகு பெரிய காயலிலும் ஆற்றிலும்தான் போகும். வீடுகளுக்கு நடுவே ஓடுகிற சின்ன வாய்க்கால்களுக்குள் அதனால் நுழைய முடியாது. குட்டநாட்டின் அழகும் வாழ்க்கையும் இருப்பதோ அந்தச் சின்ன வாய்க்கால்களில்தான். ஊரைச் சுற்றி ரிங் ரோட்டில் ஒரு வட்டம் அடித்துவிட்டு ஊரைப் பார்த்ததாகச் சொல்வது மாதிரிதான் எங்கள் முதல் பயணம் இருந்தது.

மாலையில் கட்டிவிடுவதற்கும் நியாயம் உண்டு. பொழுது சாய்ந்ததும் மீனவர்கள் வலை போடுகிறார்கள், படகுகள் ஓடினால் வலை அறுந்துபோகும். இருட்டில் ஓட்டுவது ஆபத்தும்கூட. ஆக, ராத்திரித் தங்கலுக்குக் கொடுக்கிற காசு நகராத படகுக்குக் கொடுக்கிற காசு. அது பிடித்தவர்களுக்குச் சரி. எங்களுக்கு வேண்டியிருந்தது அதுவல்ல.

பருவத்தையும் நாங்கள் பார்க்கவில்லை. குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பவை, சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் கீழே. மழைக்காலத்தில் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளம் வடிந்த பிறகு, வயலுக்குள் நிற்கும் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு, அங்கே 'புஞ்ச' என்று சொல்கிற நெல் போகத்தைப் போடுவார்கள். கடல் உப்பு உள்ளே ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையை டிசம்பரில் மூடுவார்கள். மார்ச்சில் திறக்க வேண்டியது, அறுவடையைப் பொறுத்துத் தள்ளிப்போவதும் உண்டு. மூடியிருக்கும்போது தண்ணீர் ஓட்டமில்லாமல் நிற்கும், ஆகாயத்தாமரை பெருகும். ஜனவரியில் போனால் முழங்கால் உயரப் பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும். ஏப்ரல் கடைசியில் எங்களுக்குக் கிடைத்தவை தாள்கட்டையும் வெயிலும்தான்.

இரண்டாம் திட்டம்

இந்தத் தடவை நான் படகிலிருந்து தொடங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதினேன். அம்மாவுக்குப் பலகையில் நடக்காமல் ஏறி இறங்க வேண்டும், ராத்திரி நிலத்தில் தூங்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கையால் தொட வேண்டும். சித்தப்பா பறவை பார்ப்பவர், அவருக்கு விடியற்காலை வேண்டும். சமைக்காமல் இருந்தால் போதும் என்றாள் அக்கா.

ஒரே படகில் இத்தனையும் நடக்காது என்பது எழுதிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதனால் படகைப் பிரித்தோம். தங்குவது கைநகரியில் ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் நடத்துகிற ஹோம்ஸ்டே. விடியற்காலை வாய்க்கால்களுக்குள் துடுப்பு போடுகிற வள்ளங்கள் மூன்று. பகலில் காயலுக்கு மட்டும் ஹவுஸ்போட், ராத்திரித் தங்கல் கிடையாது. கடைசி நாள் ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு அரசுப் பயணிகள் படகு, அங்கிருந்து ரயில்.

தேதியில்தான் சிக்கல் இருந்தது. ஜனவரி 14 மகரவிளக்கு. அதுவரை கேரளம் போகும் ரயிலெல்லாம் ஐயப்ப சாமிகளால் நிரம்பியிருக்கும், கோட்டயத்திலும் செங்கன்னூரிலும் நிற்க இடமிருக்காது. அதனால் மாட்டுப் பொங்கலை ஊரில் முடித்து, அன்றிரவு தூக்கத்தோடு தூக்கமாக ஸ்டேஷனுக்கு வந்து, அதிகாலையில் திருப்பூர் வழியாக வருகிற ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஏறுவது என்று முடிவானது. முன்பதிவு அப்போது 60 நாளாகக் குறைந்திருந்தது. போகவும் வரவும் டிக்கெட்டை அந்தந்தத் தேதிக்கு முன்பதிவு திறந்த அன்று காலையிலேயே எடுத்துவிட்டோம். திரும்பும் டிக்கெட்டை மட்டும் அன்று விட்டிருந்தால் கிடைத்தே இருக்காது.

பகல் படகுக்காரரிடம் போனில் கேட்ட கேள்விகள் நோட்டில் அப்படியே இருக்கின்றன. பதிவு எண் என்ன? அங்கே அது கே.ஐ.வி. என்று தொடங்கும், படகின் பக்கத்தில் எழுதியிருக்கும். எத்தனை பேருக்கு அனுமதி, மேல்தளத்துக்குத் தனியாக எத்தனை பேர்? சின்னப் பிள்ளைக்கு ஏற்ற அளவில் லைஃப் ஜாக்கெட் உண்டா? கழிவுத் தொட்டி இருக்கிறதா, இல்லை நேரே காயலிலா? எங்கே ஏறுவது, துறையில் படிக்கட்டு உண்டா? முதலில் பேசிய இரண்டு பேர் மேல்தளக் கேள்விக்கே எரிச்சலானார்கள். மூன்றாமவர் பொறுமையாகப் பதில் சொன்னதோடு, உரிமத்தின் படத்தையும் கேட்காமலே அனுப்பிவைத்தார். அவரையே பிடித்துக்கொண்டோம். கழிவுத் தொட்டியைப் பற்றிக் கேட்டது யாருக்காவது மிகையாகப் படலாம். அந்தத் தண்ணீரில்தான் அந்த ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள்.

நடந்தது

ஆலப்புழை ஜெட்டியிலிருந்து கைநகரிக்கு அரசுப் படகில் முக்கால் மணி நேரம். முன்னால் சக்கரம் பிடிப்பவர் ஸ்ராங்க். எஞ்சின் நடுவில், அதற்கு இன்னொருவர். ஸ்ராங்க் கயிற்றை இழுத்தால் எஞ்சின்காரர் பக்கத்தில் மணி அடிக்கும், அதற்கேற்ப வேகம் கூடும், குறையும். கடைக்குட்டி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு மணிக்கும் என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கிவிட்டான். ஜெட்டியின் தரையும் படகின் விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். அம்மா என் தோளில் ஒரு கையும் படகின் தூணில் ஒரு கையும் வைத்து ஏறிவிட்டார். பலகையே இல்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு வள்ளம். நாற்காலி போட்ட வள்ளத்தில் அம்மா, சித்தி, கடைக்குட்டி, நான். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், அம்மாவுக்கும்தான். வாய்க்கால் பத்துப் பன்னிரண்டு அடி அகலம் இருக்கும். துடுப்பு தண்ணீரில் இறங்குகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஒரு வீட்டுப் படியில் ஓர் அம்மாள் மீன் உரசிக்கொண்டிருந்தார். செதில் தண்ணீரில் விழ விழ அடியிலிருந்து குஞ்சு மீன்கள் மேலே வந்து கவ்வின. வள்ளம் கடக்கும்போது அவர் கையை எடுக்காமலே நிமிர்ந்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். கைக்கு எட்டுகிற தூரம். சித்தப்பா முன் வள்ளத்தில் எழுந்து நிற்கப் பார்க்க, துடுப்புக்காரர் உட்காரச் சொன்னார். கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டி ஒரு பாம்புத்தாராப் பறவை நீந்திக்கொண்டிருந்தது.

ஓரிடத்தில் வள்ளத்தைக் கரையோடு ஒட்டி நிறுத்தினார்கள். அம்மா நாற்காலியிலிருந்தே வரப்புக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே இருந்துவிட்டார். வாய்க்கால் தண்ணீர் மேலே நிற்கிறது, வயல் அதற்கு ஓர் ஆள் உயரம் கீழே கிடக்கிறது. நடுவில் மண் வரப்புதான் காவல். வரப்பின் மேல் ஒரு கொட்டகையில் மோட்டார் ஓட, மரப் பெட்டி ஒன்றின் வாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. பெட்டியும் பறையும் என்று அதற்குப் பெயர். வயலுக்குள் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளுகிற பழைய இறவை.

அம்மா பல்லடம் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவர். ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது என்ற கதையைக் கேட்டே வளர்ந்த வீடு எங்களுடையது. "ஏனுங்க, நாங்க தண்ணிய உள்ள கொண்டாரப் பாடுபடறோம். நீங்க வெளிய தள்ளப் பாடுபடறீங்களா?" என்று அந்த வள்ளக்காரரிடம் கேட்டார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும், ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. அரை மணி நேரம் இரண்டு பேரும் நெல்லைப் பற்றிப் பேசினார்கள். 2018 வெள்ளத்தில் இந்த வரப்பு உடைந்தது, வீட்டுக் கூரை வரை தண்ணீர் வந்தது, முகாமில் இருந்து திரும்பியபோது வயல் எது வாய்க்கால் எது என்றே தெரியவில்லை என்றெல்லாம் அவர் சொன்னார். அம்மா உச்சுக்கொட்டிக்கொண்டே கேட்டார். இந்த அரை மணி நேரத்துக்குத் திட்டத்தில் இடமே ஒதுக்கியிருக்கவில்லை.

பகல் ஹவுஸ்போட் ஹோம்ஸ்டே படித்துறைக்கே வந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது, அக்கா முன்னால் மெத்தையில் சாய்ந்து தூங்கினாள். மேல்தளத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடாது என்று ஓட்டுகிறவரே சொல்லிவிட்டார். ஆனால் இங்கே என் கணக்கு ஒன்று பிசகியது. திறந்த காயலில் மதிய வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடித்தது, எங்கு பார்த்தாலும் ஒரே வெட்டவெளி. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகள் சலித்துப் போனார்கள். நாலு மணி நேரம் ஓடியது, மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் எடுத்திருக்கலாம். கொசுவுக்கும் தயாராகப் போகவில்லை. முதல் ராத்திரி சித்தி தூங்கவே இல்லை.

இரண்டு ராத்திரித் தங்கலும் சாப்பாடும் 24,000, பகல் படகு 11,000, வள்ளங்கள் 3,600. மொத்தம் 38,600 ரூபாய். அரசுப் படகு டிக்கெட்டுகள் இதில் சேர்த்தி இல்லை, அவை சில நூறு ரூபாய்க்குள் முடிந்தன. தண்ணீரில் நகர்ந்த நேரம் 10 மணி 30 நிமிடம். முதல் பயணத்தைவிட ஒரு ராத்திரி அதிகம், செலவும் அதிகம்தான். நகர்ந்த ஒரு மணி நேரத்துக்கு என்று வகுத்துப் பார்த்தால் முதலில் 4,750 ரூபாய்க்கு மேல், இப்போது 3,700க்குக் கீழே.

கடைசி நாள் கோட்டயம் படகில் இரண்டரை மணி நேரம். இந்த வழியில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. கோட்டயத்தை நெருங்கும் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் படகு அதற்கு முந்தின துறையான காஞ்ஞிரத்தோடு நின்றுவிடும். அதனால் முந்தின நாளே ஜெட்டியில் விசாரித்தோம். நின்றால் அங்கிருந்து ஆட்டோ பிடித்தாலும் ரயிலுக்கு மூன்று மணி நேரம் மிச்சமிருக்கிற மாதிரி காலைப் படகையே எடுத்தோம்.

அன்றைக்குப் படகு கோட்டயத்தின் துறையான கோடிமதை வரை போனது. காஞ்ஞிரம் தாண்டியதும் வாய்க்கால் முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகாயத்தாமரை. படகு அதைப் பிளந்துகொண்டு ஊர்ந்தது. நடுவில் இரண்டு தடவை நின்று, பின்னால் வந்து, விசிறியில் சுற்றிய தண்டுகளை உதறிவிட்டு மறுபடி கிளம்பியது. குறுக்கே ஒரு நடைபாலம், படகின் கூரையைவிடத் தாழ்வாக. இதில் எப்படிப் போகும் என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் ஸ்ராங்க் ஹாரன் அடித்தார். பாலத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண் வந்து, கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். பாலம் ஒரு பக்கமாக மேலே எழும்பி நின்றது. படகு கடந்தது. கடைக்குட்டி பின்பக்கத்துக்கு ஓடிப்போய், கயிறு மெல்ல விடுபட்டுப் பாலம் பழையபடி படுக்கிற வரை பார்த்தான். அந்தப் பெண் கயிற்றைக் கட்டிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.